வன்னியில் படம் எடுக்க வருகிறவர்களுக்கு

வவுனியா தாண்டி ஏ9 வீதியில் வடக்கே வருகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போவது அரிது. சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார். சனம் தேங்காய் உடைக்கும், திரும்பி ஏறும்போது ஆளுக்கொரு கச்சான் சரை, அதாவது வறுத்த நிலக்கடலைப் பொட்டலம், கையில் இருக்கும். இலங்கையின் வடக்கில் இருக்கிற வன்னிக்குக் கமராவோடு முதன்முறை வருகிறவர்களிடம் நான் சொல்வது, உங்கள் முதல் படத்தை இந்த இடத்தில் எடுங்கள் என்பதுதான்.

கோயிலை அல்ல, கச்சான் வறுக்கிற அக்காவை. முதலில் போய் ஒரு சரை வாங்குங்கள். அங்கேயே நின்று சாப்பிடுங்கள். தாச்சியில் சூடேறிய மணல், அதற்குள் புரளுகிற கச்சான், அரித்து எடுக்கும்போது எழும்புகிற புகை எல்லாவற்றையும் பாருங்கள். வேலைக்கு ஒரு தாளம் இருக்கும். கிண்டுவாள், அரிப்பாள், சரையில் கொட்டுவாள், காசு வாங்குவாள், திரும்பக் கிண்டுவாள். நாலைந்து சுற்றுப் பார்த்தால் அடுத்து கை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் கேளுங்கள்: "அக்கா, நீங்கள் வறுக்கிறதை ஒரு படம் எடுக்கட்டோ?"

சரி என்றால், முதல் படம் அநேகமாகக் கறுத்த முகத்தோடுதான் வரும். கொட்டிலுக்குள் நிழல், வெளியே வெள்ளை வெயில். கமரா எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, வெளிச்சம் கூடிப்போச்சு என்று தானே முடிவெடுத்துப் படத்தை இருட்டாக்கும். போனில் எடுப்பவர்கள் திரையில் அவருடைய முகத்தைத் தொட்டு, விரலை மெல்ல மேலே இழுத்தால் முகம் வெளிக்கும். கமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை +1 ஆக்குங்கள். இதைவிடச் சுலபமான வழி, இடம் மாறுவதுதான். றோட்டை உங்கள் முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு நில்லுங்கள். வீதியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கொட்டிலுக்குள் போய் அவருடைய முகத்தில் மெதுவாக விழும். இந்த இரண்டடி நகர்வை முறிகண்டியில் பழகிக்கொண்டால் வன்னி முழுக்க உதவும். ஏனென்றால் இங்கே எல்லா வீட்டிலும் விறாந்தைக்குள் நிழலும் முற்றத்தில் வெள்ளை வெயிலும்தான்.

நான் கிளிநொச்சியில் இருந்து கலியாண வீடு, பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன். வேலை இல்லாத நாட்களில் மோட்டார் சைக்கிளில் ஊர்களுக்குள் போவேன். கீழே சொல்வதெல்லாம் அப்படிப் போன இடங்களில் படித்தவை.

எந்தக் கமரா, எந்தக் காலம்

கமராவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இருப்பதைக் கொண்டு வாருங்கள். லென்ஸ் மாற்றுகிற கமரா என்றால் 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். தூரத்தில் ஒளிந்து நின்று இழுத்து எடுக்கிற பெரிய சூம் லென்ஸை வீட்டில் விடுங்கள். பறவை எடுப்பதானால் மட்டும் அது வேண்டும். மன்னார் வங்காலைப் பக்கம் வெளிநாட்டுப் பறவைகள் வருகிற பனிக்காலத்தில் அது இல்லாமல் ஆகாது. ஆட்களை எடுக்க, அவர்கள் உங்கள் குரலைக் கேட்கிற தூரத்தில் நில்லுங்கள். போன் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் லென்ஸைச் சட்டை நுனியால் துடையுங்கள். மங்கிப்போய் வருகிற பல போன் படங்களுக்கு விரல் எண்ணெய்தான் காரணம். கூடுதலாக ஒரு பற்றரி, புழுதிக்கு ஒரு பிளாஸ்ரிக் பை, குடிக்கத் தண்ணீர். அவ்வளவுதான்.

காலம் முக்கியம். வன்னி பூமத்திய கோட்டுக்கு வடக்கே 9 பாகையளவில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் சரியாது. அந்த வெயிலில் யாரை எடுத்தாலும் கண்குழி கறுத்து, மூக்கின் கீழே மீசை மாதிரி நிழல் விழும். காலை 6 மணியில் இருந்து ஏழரை வரைக்கும், பின்னேரம் நாலரையில் இருந்து சூரியன் படுகிறவரைக்கும் வெளியில் எடுங்கள். குளிர்நாட்டில் இருந்து வருகிற பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே போல அந்தி நீளமாக இராது. சூரியன் விழுந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். "கொஞ்சம் பொறுத்து எடுப்பம்" என்றால் வெளிச்சம் போய்விட்டிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை. வானம் முழுக்க முகில் மூடிய நாளில் முகங்கள் அழகாக வரும், கடும் நிழலே இராது. மழைக்குப் பயந்து அறைக்குள் இருக்க வேண்டாம். மாரி நெல்லைக் காலபோகம் என்போம். அது மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று கிறவல் றோட்டுப் புழுதியைக் கிளப்பும். மூச்சுக்குக் கஷ்டம், படத்துக்கு நல்லது. பின்னேரச் சூரியனுக்கு எதிரே நின்று, புழுதிக்குள்ளால் வருகிற மாட்டுப்பட்டியையோ பள்ளிக்கூடம் விட்டு வருகிற சைக்கிள்களையோ எடுத்துப் பாருங்கள். புழுதி இல்லாவிட்டால் அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது.

கேட்கிற விதம்

வன்னியில் படம் எடுப்பதில் கஷ்டமான பகுதி இதுதான். அதனால்தான் கமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இங்கே வந்தேன்.

வயதானவர்களை ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். நன்றாக வயது போனவர்களை அப்பு, ஆச்சி எனலாம். உங்களிலும் சற்று மூத்தவர் என்றால் அண்ணை, அக்கா. சிறியவர்கள் என்றால் தம்பி, தங்கச்சி. பழகுகிறவரைக்கும் எல்லோரோடும் "நீங்கள்" என்றே கதையுங்கள். வெளியூரில் இருந்து வருகிறவர் "பாட்டி" என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள், ஆனால் "ஆச்சி" என்று கூப்பிட்டால் படலை சீக்கிரம் திறக்கும்.

முதல் கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும்: "தம்பி எவடம்?" இதற்குப் பாதிப் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் ஊர், தாய் தகப்பனின் ஊர், இப்போது எங்கே இருக்கிறீர்கள், இங்கே யார் வீட்டில் நிற்கிறீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். கதை எங்காவது ஓரிடத்தில் தொடுக்கும். "ஓ, அவையளின்ர ஆளோ, முகாமில பக்கத்துக் கொட்டில்" என்று யாராவது சொல்லிவிட்டால் தேத்தண்ணி வரும். தேத்தண்ணியை மறுக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி: "என்னத்துக்குப் படம்?" இதற்கு உண்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். ஆல்பத்துக்கு என்றால் ஆல்பத்துக்கு. இணையத்தில் போடுவதென்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "ஆச்சி, இதைக் கன சனம் பாக்கும், கனடாவில இருக்கிறவையும் பாப்பினம், பறுவாயில்லையோ?" சிலருக்கு அது சந்தோசம். சிலருக்குச் சரிவராது. பதில் சொல்ல உங்களுக்கே கூச்சமாக இருந்தால் கமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். போர் முடிந்த 2009க்குப் பிறகு இந்த மண்ணில் கமராவோடு வந்தவர்கள் கொஞ்சமல்ல. இடம்பெயர்ந்தவர்களின் முகாமில் எடுத்தார்கள், மீள்குடியேறிய தறப்பாள் கொட்டிலில் எடுத்தார்கள், உதவி கொடுக்கும்போது கையை நீட்டச் சொல்லி எடுத்தார்கள். விசுவமடுப் பக்கம் ஒரு அம்மா எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எத்தினை பேர் வந்து எடுத்தவை தம்பி. ஒருத்தரும் ஒண்டும் கொண்டுவந்து தரேல்லை." அவ கோபமாகச் சொல்லவில்லை. கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டே சொன்னா. அன்றைக்கு நான் படம் எடுக்கவில்லை.

பிள்ளைகள் தாங்களாகவே ஓடிவந்து "அண்ணா எங்களை எடுங்கோ" என்பார்கள். எடுக்க முன்னம் தாயையோ தகப்பனையோ பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குள் என்றால் அதிபரின் அனுமதி வேண்டும். படத்துக்காகப் பிள்ளைகளுக்கு இனிப்போ காசோ கொடுக்காதீர்கள். அடுத்து வருகிறவரிடமும் அந்தப் பிள்ளை கை நீட்டப் பழகும்.

ஒருவரை எடுக்கும்போது

சம்மதம் கிடைத்தது. இனி, முதலில் இடம் பாருங்கள். வேப்பமரத்து நிழலோ விறாந்தை ஓரமோ நல்லது. மர நிழலில் இலை இடுக்கால் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழுகிறதா என்று பார்த்து, முழு நிழலுக்கு நகரச் சொல்லுங்கள். விறாந்தையில் என்றால் ஆளைச் சுவரோடு ஒட்ட வைக்காமல் விளிம்புக்குக் கிட்ட இருத்துங்கள். முற்றத்து மணலில் பட்டு எழுகிற வெளிச்சம் கீழிருந்து வந்து கண்குழியை நிரப்பும். ஸ்டூடியோவில் நாங்கள் வெள்ளைத் தாள் பிடித்துச் செய்கிற வேலையை இங்கே வெறும் மணல் செய்கிறது.

பிறகு பின்புலம். தலைக்குப் பின்னால் கம்பமோ கொடியில் காயும் துணியோ முளைத்து நிற்கக்கூடாது. அதே நேரம் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடவும் வேண்டாம். முகத்தை மட்டும் தெளிவாக்கி மற்றதைக் கரைத்துவிடுகிற படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அழகுதான். ஆனால் அதில் அந்த ஐயா வன்னியில் இருக்கிறாரா வேறெங்காவது இருக்கிறாரா என்று தெரியாது. லென்ஸின் துவாரத்தை எஃப் 4, எஃப் 5.6 அளவில் வைத்தால் முகமும் துலங்கும், பின்னால் நிற்கிற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் கிணற்றுக் கட்டும் பனையும் அடையாளம் தெரியும். போனில் போர்ட்ரெய்ட் மோடை நிறுத்திவிட்டு எடுத்தாலே போதும்.

கமராவைத் தூக்கியதும் பலர் விறைத்து நிற்பார்கள். கையைத் தொடையோடு ஒட்டி, சிரிப்பை அடக்கி, அடையாள அட்டைக்கு நிற்பதைப் போல. அந்தப் படத்தையும் மதித்து எடுங்கள். அவர்கள் நிற்க விரும்புகிற விதம் அது. எடுத்துக் காட்டுங்கள். அதன் பிறகுதான் உடம்பு தளரும். "இந்த முறை வயல் எப்பிடி ஐயா?" என்று கேட்டால் போதும், உரத்தின் விலை, குரங்கு, யானை, குளத்துத் தண்ணி எல்லாம் வரும். கமராவை நெஞ்சளவில் வைத்துக்கொண்டு கதையுங்கள். கதைக்கிறவரின் கைகளைப் பாருங்கள். இங்கே முகத்தைவிடக் கைதான் முதலில் பேசும். இரண்டு படங்களுக்கு மேல் தொடர்ந்து தட்டாதீர்கள். ஷட்டர் கடகடவென்று அடித்தால் கதை நின்றுவிடும்.

ஷட்டர் வேகம் இருந்து கதைப்பவருக்கு 1/125 செக்கன் போதும். நெல் தூற்றுகிறவர், வலை வீசுகிறவர் என்றால் 1/500க்குக் குறையாமல் வையுங்கள். கறுத்த தோலை வெளுக்க வைக்கிற "பியூட்டி" வசதி போனில் இருந்தால் நிறுத்துங்கள். வெயிலில் வேலை செய்த முகத்தின் நிறத்தை மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை.

கரைவலை: ஒரு விடியற்காலை

ஓர் இடத்தை எப்படி எடுப்பது என்று பொதுவாகச் சொல்வதைவிட ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். முல்லைத்தீவுக் கடல் கிழக்குப் பார்த்தது. சூரியன் கடலுக்குள் இருந்து வரும். வாடைக்கடல் அடங்கிய மாதங்களில் கரையில் வலை வளைப்பார்கள். ஐந்தரைக்குக் கரையில் நில்லுங்கள்.

படகு வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, கடலில் வளைவாக வலையை இறக்கிக்கொண்டு போய் மறுகயிற்றை வேறோரிடத்தில் கரை சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இது மணிக்கணக்கில் போகிற வேலை. புதிதாக வருகிறவர் முதல் பத்து நிமிடத்தில் நூறு படம் எடுத்துக் களைத்துவிடுவார். மீன் வருகிற நேரம் தேத்தண்ணிக் கடையில் இருப்பார். அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் தூரத்தில் நின்று ஒரு படம்: கடல், கரை, இரண்டு கூட்டமாக மனிதர்கள், இடையில் நீளுகிற கயிறு. அடுத்து நடுத்தூரம்: சாய்ந்த முதுகுகள், மணலில் புதைந்த குதிகால்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தால் கயிற்றின் இழுவை தெரியும், நேர் முன்னால் நின்றால் தெரியாது. அப்புறம் கிட்ட: கயிற்றைப் பிடித்த விரல்கள், இடுப்பில் கட்டிய துணி, நனைந்த மணலில் கயிறு கீறிய கோடு. இந்த மூன்று தூரமும் இருந்தால்தான் கடற்கரையே பார்க்காத ஒருவருக்கும் வேலை விளங்கும்.

நேரம் போகப் போக இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று நெருங்கும். குரல் உயரும். எங்கிருந்தோ காகங்கள் வரும், நாய்கள் வரும், கூடையோடு பெண்கள் வருவார்கள். கடைசியில் வருவது மடி, மீன் சேருகிற வலையின் பை. மீன் நிறைந்திருக்கிறதா, சொத்தி நண்டும் சாதாளை என்கிற கடற்பாசியும்தானா என்பது அப்போதுதான் தெரியும். எல்லாரும் மடியைப் பார்த்துக் குனிகிற அந்தக் கணத்தில் நீங்கள் மீனை எடுக்காதீர்கள், குனிந்த முகங்களை எடுங்கள். அன்றைக்கு அந்த வீடுகளில் என்ன சமைப்பார்கள் என்பது முழுதும் அந்த முகங்களில் இருக்கும்.

இதற்குள் சூரியன் ஏறியிருக்கும், கடல் வெள்ளையாக மின்னும். முகம் தெரிய வேண்டுமானால் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். நிழலுருவம் வேண்டுமானால் கடலைப் பார்த்து, வானத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்து எடுங்கள். இழுக்கிறவர்களுக்கு வழி விட்டு நிற்பது உங்கள் கடமை. கயிற்றின் பாதையில் ஒருபோதும் நிற்காதீர்கள். ஒருவர் "தம்பி, நிக்கிற நேரம் ஒரு கை பிடியும்" என்றால் கமராவைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிடியுங்கள்.

இதே முறையில் இரணைமடுக் குளக்கட்டையோ வயல் அறுவடையையோ எடுக்கலாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வருகிறவர்கள் இரவுக்கு ஆயத்தமாக வாருங்கள். கடல்நீர் ஊற்றி விளக்கெரிகிற கோயில் அது. நெருப்பு வெளிச்சத்தில் பிளாஷ் அடித்தால் எல்லாம் செத்துவிடும். கமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, வெளிச்சம் விழுகிற முகத்துக்குக் காத்திருங்கள். உள்ளே எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று கோயிற்காரரிடம் கேளுங்கள். செடில் குத்துகிற இடத்தில் முதுகுக் கொழுக்கியை அல்ல, பக்கத்தில் நிற்கிற தாயைப் பாருங்கள். மடுமாதா திருவிழா ஆகஸ்ட் 15இல். அதற்குச் சில நாள் முன்னம் போனால், காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரமடித்திருக்கிற குடும்பங்கள் காலையில் அடுப்பு மூட்டும்போது புகைக்குள்ளால் வெயில் இறங்குவதைக் காணலாம். யாழ்தேவி யன்னலும் நல்ல இடம். 1990இல் நின்றுபோன ரயில் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. வெளிக்காட்சியை விட்டுவிட்டு, யன்னலோரம் இருந்து தன் ஊர் வருகிறதா என்று பார்க்கிறவரைக் கேட்டு எடுங்கள்.

எடுக்கக் கூடாதவை

இராணுவ முகாம், காவலரண், சோதனைச் சாவடி, அவற்றின் வேலி எதையும் எடுக்காதீர்கள். பின்புலத்தில் தற்செயலாக வந்தாலும் உங்களோடு நிற்கிற ஊர்க்காரருக்குத்தான் தொல்லை. நீங்கள் நாளைக்குப் போய்விடுவீர்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ கண்டால் நல்ல வெளிச்சத்துக்காக ஓரடிகூட உள்ளே வைக்காதீர்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஊரவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இறுதிப் போரில் இறந்தவர்களை நினைவுகூர மே 18 அன்று முள்ளிவாய்க்காலுக்கு வருகிறவர்கள் உண்டு. வாருங்கள், கஞ்சி குடியுங்கள், விளக்கேற்றுங்கள். அழுகிற ஒருவரின் முகத்துக்கு முன்னால் கமராவை நீட்டாதீர்கள். அந்த நாளைச் சொல்ல விளக்குகள் இருக்கின்றன, மணலில் வைத்த செருப்புகள் இருக்கின்றன, பின்னால் இருந்து பார்க்கிற தோள்கள் இருக்கின்றன.

2017 பெப்ரவரியில் இருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி போராடி வருகிறார்கள். அவர்களிடம் போனால் முதலில் கையில் இருக்கிற படத்தைக் கேளுங்கள். பெயர், வயது, எங்கே கடைசியாகக் கண்டது. அவர்கள் உலகத்துக்குக் காட்ட வந்திருப்பது தங்கள் முகத்தையல்ல, அந்தப் படத்தை. அதனால் குவியத்தை அந்தப் படத்தில் வையுங்கள். இணையத்தில் போட முன்னம் கேளுங்கள். போன் படத்தோடு சேர்த்துப் பதிகிற இடக்குறிப்பை அழித்துவிட்டுப் போடுங்கள்.

பழைய படத்தைப் படம் எடுக்கச் சொல்வார்கள்

இதை எந்தக் கமராப் புத்தகமும் சொல்லித்தராது. ஆனால் வன்னியில் உங்களிடம் அதிகம் கேட்கப்போகிற உதவி இதுதான். 2004இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோர வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. 2008இலும் 2009இலும் ஊர் ஊராக ஓடியபோது ஆல்பங்களைச் சுமக்க முடியவில்லை. கலியாணப் படம் இல்லாத வீடுகள், பிள்ளையின் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் இங்கே நிறைய. மிஞ்சிய ஒரு படம் ஷொப்பிங் பையில் சுற்றி, பால்மா ரின்னுக்குள் இருக்கும். கதை கொஞ்சம் நீண்டதும் அதை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் ஆச்சி அப்படித்தான் கொண்டுவந்தா. இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். தண்ணீர் பட்டு ஒரு பக்கம் ஊதாவாகக் கரைந்திருந்தது. மற்றப் பக்கத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டோடு ஒரு பொடியன். "இதைப் பெரிசாக்கேலுமே தம்பி?"

செய்கிற விதம் இது. படத்தைக் கையில் தர விரும்பாவிட்டால் அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். யன்னல் ஓரம் அல்லது விறாந்தை நிழலில், ஒரு கறுத்தத் துணியின் மேல் தட்டையாக வையுங்கள். பொலித்தீனுக்குள் ஒட்டிப்போயிருந்தால் இழுக்க வேண்டாம், முகம் அதோடு உரிந்து வந்துவிடும், அப்படியே எடுங்கள். பிளாஷ் வேண்டாம். போனை நேர் மேலே, படத்துக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். மிகக் கிட்டப் போனால் ஓரம் வளையும், உங்கள் நிழலும் விழும். சற்று உயர்த்தி, இரண்டு மடங்கு பெருப்பித்து எடுங்கள். பளபளப்பு அடித்தால் படத்தைக் கொஞ்சம் திருப்புங்கள். நாலைந்து எடுத்து, அங்கேயே பெருப்பித்துக் கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். திருத்தும்போது கறையைக் குறைக்கலாம், நிறத்தை மீட்கலாம். கரைந்துபோன காதையோ வாயையோ கணினியைக் கொண்டு புதிதாக வரைந்துவிடாதீர்கள். அது வேறு யாரோவின் பிள்ளையாகிவிடும்.

கொண்டுபோய்க் கொடுப்பது

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் போதும்; வீட்டில் மாட்டுவார்கள் என்றால் ஒன்றைப் பெரிதாக அடித்து லமினேற் பண்ணுங்கள், மாரிக்கால ஈரத்தைத் தாங்கும். பின்பக்கத்தில் பெயர், ஊர், திகதி எழுதுங்கள். வந்த பயணத்திலேயே கொடுக்க நாள் ஒதுக்குங்கள். "அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் அனுப்பமாட்டீர்கள். நானும் அப்படிச் சிலருக்கு அனுப்பாமல் விட்டிருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது. திரும்ப வர முடியாதென்றால் பக்கத்துக் கடையிலோ கோயிலடியிலோ விபரத்தோடு கொடுத்துவிடுங்கள். சேர்த்துவிடுவார்கள்.

ஒட்டுசுட்டான் ஆச்சிக்கு நான் இரண்டு படம் கொண்டுபோனேன். ஒன்று பெரிதாக்கிய மகனின் படம். மற்றது அன்றைக்கு விறாந்தையில் நான் எடுத்த அவவின் படம். பக்க வெளிச்சம் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்திலும் விழுந்து, கண் எங்கோ தூரத்தைப் பார்க்கிற படம். அதுவரை நான் எடுத்ததில் சிறந்தது அதுதான் என்று நினைத்திருந்தேன்.

மகனின் படத்தைக் கன நேரம் வைத்திருந்தா. என்னுடைய படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்தா.

"ஏன் ஆச்சி, நல்லா இல்லையோ?"

"இதில நான் வருத்தக்காரி மாதிரி இருக்கிறன்."

எழும்பி உள்ளே போனா. பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பத்து நிமிடம் கழித்து, மடிப்புக் கலையாத நீலச் சீலையும் நெற்றியில் திருநீறும் தலைவாரலுமாக வந்து, கிணற்றடிச் செவ்வரத்தைக்குப் பக்கத்தில் நேராக நிமிர்ந்து நின்றா. மகனின் படத்தை என்னிடம் இருந்து வாங்கி, முகம் மறையாத மாதிரி இரண்டு கையாலும் பிடித்தா.

"இப்ப எடும்."

வெளிச்சம் நேர் முன்னால் இருந்து வந்தது. நிழலே இல்லை. நான் இரண்டு படம் எடுத்தேன், அடுத்த கிழமை பெரிதாக அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.